நாய் முகாமில் நல்லொழுக்கம்

மனிதனோடு கூடி வாழும் விலங்குகளுள் நாயே மூத்தது. ஆட்டையும் மாட்டையும் மனிதன் பழக்கிக்கொள்வதற்குப் பல்லாயிரம் ஆண்டுகட்கு முன்னரே, அது அவன் காவலுக்கும் வேட்டைக்கும் துணையாயிற்று என்பர் ஆராய்ச்சி வல்லார். நட்பின் இயல்பை ஆராயப் புகுந்த நாலடியாரும், பெருமை மிக்க யானையை விடுத்து, தன்னைப் புண்படுத்தியவனிடத்தும் அன்பு மாறாத நாயையே நல்ல நண்பனுக்கு உவமையாகக் கொண்டது. எனினும் உலக வழக்கை நோக்கின், ஒருவனை இழித்துரைக்க வேண்டிய போது நாம் முதற்கண் நாடுவதும் அவ்விலங்கின் பெயரையே. வீட்டு வாயிலில் தனியே படுத்திருக்கும் நாயை நண்பனாகக் காணும் நாம், பத்து நாய்கள் ஓரிடத்துக் கூடின் அஞ்சி ஒதுங்குகின்றோம். அவ்வச்சம் முற்றும் காரணமற்றதன்று. ஆயினும், ஊரிலுள்ள நாய்களெல்லாம் ஓரிடத்துக் கூடியே ஆக வேண்டிய நாள் ஒன்று உண்டு. அந்நாளில் அவை தமக்கும் பிறர்க்கும் தீங்கின்றி இருத்தற்குரிய முறைகளை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அந்நாள், வெறிநாய்க்கடி நோய்த் தடுப்பூசி முகாம் நாள். கால்நடை மருத்துவரும் ஊராட்சியினரும், சிற்சில இடங்களில் கல்லூரி மாணவரும் ஒருங்குசேர்ந்து, ஊர்ப் பொதுவிடத்தில் மேசையிட்டு, நாய் வளர்ப்போரை அழைத்து, அவர் கொணரும் நாய்களுக்கு ஊசியிடுவர். ஆண்டுதோறும் செப்டம்பர் 28-ஆம் நாள் உலக வெறிநாய்க்கடி நோய் நாளாகக் கொள்ளப்படுகின்றது. பிரெஞ்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்டர் 1895-ஆம் ஆண்டில் இயற்கை எய்திய நாள் அது. அவரே 1885-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 6-ஆம் நாள், வெறிநாயால் கடியுண்ட ஜோசப் மைஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுக்குத் தாம் கண்ட தடுப்பு மருந்தைச் செலுத்தி அவனைக் காத்தவர். அப்பெருமகனாரின் பெயர் தாங்கிய நிலையம் ஒன்று நம் தமிழ்நாட்டிலேயே, நீலகிரியின் குன்னூரில், 1907-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது.

இத்துணை முயற்சியும் எதன்பொருட்டு? வெறிநாய்க்கடி நோயின் குறிகள் ஒருவனிடத்துத் தோன்றிய பின்னர் அவன் பிழைத்தல் அரிதினும் அரிது. உலகெங்கும் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 59,000 மக்கள் இந்நோயால் மாய்கின்றனர் என மதிப்பிட்டுள்ளனர். மனிதரை இந்நோய் பற்றுதற்கு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நாயின் கடியே காரணம். மாண்டவருள் ஐவரில் இருவர் பதினைந்து வயதிற்கு உட்பட்ட சிறார் என்பதை எண்ணுங்கால் நம் உள்ளம் நடுங்குகின்றது. ஆயினும் இதனை வெல்லும் வழி மிக எளிது. ஓர் ஊரிலுள்ள நாய்களுள் நூற்றுக்கு எழுபதேனும் ஊசி பெற்றிருப்பின், நோய் ஒரு நாயினின்று மற்றொன்றுக்குத் தாவும் தொடர் அறுந்துபோம். இவ்வழியில் இடையறாது உழைத்த கோவா மாநிலம், 2021-ஆம் ஆண்டில் இந்நோய் கட்டுக்குள் வந்த பகுதியாக அறிவிக்கப்பெற்றது. ஆகவே முகாமிற்கு வரும் ஒவ்வொரு நாயும் அவ்வெழுபதில் ஒன்று. வாராது நிற்கும் ஒவ்வொன்றும் வேலியில் ஒரு திறப்பு.

நிற்க. சில திங்கள்களுக்கு முன் சாத்தூர் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் நிகழ்ந்த முகாமில், யாமும் எம் தோழர் சிலரும் வரிசை காக்கும் பணியில் நின்றோம். நேரம் காலை பத்து மணியைக் கடந்திருந்தது. வேப்பமரத்து நிழல் சுருங்கிக்கொண்டே வந்தது. வரிசையின் நடுவே பத்து வயதுச் சிறுவன் ஒருவன், ஒரே கயிற்றின் இரு முனைகளில் இரண்டு நாய்களைக் கட்டிப் பிடித்திருந்தான். அவன் பெற்றோர் இருவரும் வேலைக்குச் சென்றிருந்தனர். அவ்வமயம் அடுத்த தெருவில் ஒரு மணவீட்டார் சரவெடி கொளுத்தினர். நொடிப் பொழுதில் அவ்விரு நாய்களுள் ஒன்று கழுத்தை உருவிக்கொண்டு பாய்ந்தது. மற்றொன்று அருகில் நின்ற நாயின்மேல் விழுந்தது. விலக்கப் புகுந்த கால்களுக்கிடையே நின்றிருந்த சிறுமியொருத்தியின் காலில் பல் பதிந்தது. அவளை உடனே சுகாதார நிலையத்திற்குக் கொண்டு சென்றமையால் தீங்கொன்றும் நேரவில்லை. ஆயினும் அவள் பாட்டி தம் நாயை இழுத்துக்கொண்டு வீடு நோக்கி நடந்தார். யாம் தடுத்து வேண்டியபோது, “ஊசியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம் ராசா. பேத்தியைக் கடிக்குக் குடுக்கவா நான் இங்க வந்தேன்?” என்றார். அவருக்கு விடை கூற எமக்கு நா எழவில்லை. அவர் பின்னே பத்துப் பன்னிருவர் தத்தம் நாய்களோடு திரும்பினர். நோயைத் தடுக்க வைத்த முகாமே நோய்க்கு வாயில் திறந்துவிட்டதோ என்று யாம் அன்றிரவு வருந்தினோம்.

அந்நிகழ்ச்சியைப் பலகால் எண்ணிப் பார்த்ததில் ஓருண்மை புலப்பட்டது. வெயிலேறிய வேளை, சிறுவன் கை, தகாத கயிறு, நெருங்கிய வரிசை, எதிர்பாராத வெடி ஆகிய ஐந்தும் ஒன்றுகூடியே அத்தீங்கை விளைத்தன. இவ்வைந்தனுள் ஒன்றேனும் நாயின் குற்றமன்று. கூட்டத்தில் நாய் கடிப்பது பெரும்பாலும் கொடுமையினால் அன்று, அச்சத்தினால். அஞ்சிய விலங்கு முதலில் ஓட முயலும். கயிறு தடுப்பின், கடிக்கும். அவ்வச்சத்தைத் தணிப்பதும் வளர்ப்பதும் கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருக்கும் மனிதன் கையிலேயே உள்ளன. இதனை உளங்கொண்டு மேலே செல்வோம்.

யாம் பிறந்து வளர்ந்த ஊர் சாத்தூரை அடுத்த அச்சங்குளம். ஊர்ப்பெயரின் வரலாறு எதுவாயினும், அதன் முதற்கண் ‘அச்சம்’ என்னும் சொல் நிற்பதை எம் தோழர் நகையாடுவதுண்டு. பட்டாசுத் தொழிலே இப்பகுதி மக்களின் வாழ்வு. 2021-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 12-ஆம் நாள் எம் ஊரிலுள்ள பட்டாசு ஆலையொன்றில் நேர்ந்த வெடிவிபத்தில் இருபதின்மருக்கு மேற்பட்டோர் உயிர் நீத்தனர். அத்தகைய துயரைக் கண்ட ஊரில் நாயின் அச்சத்தைப் பற்றிப் பேசுதல் சிறுமையாகத் தோன்றலாம். ஆயின், இவ்வூரில் திடீரென எழும் வெடியோசை மனிதரையே திடுக்கிட்டு எழச் செய்கின்றது என்பதை மறத்தல் கூடாது. கயிற்றைப் பிடித்தவர் கை நடுங்கின், அந்நடுக்கம் கயிற்றின் வழியே நாயையும் எட்டும். ஆதலின் இப்பகுதியில் முகாம் நடத்துவோர், பிற ஊரினரினும் ஒரு படி மிகுதியான விழிப்போடு இருத்தல் வேண்டும்.

நாயின் செவி நம் செவியினும் நுண்ணியது. மனிதன் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையிலான ஒலியையே கேட்பான். நாயோ 45,000 அதிர்வுகள் வரை கேட்கும். வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபெல்லுக்கு மேல் ஓசை எழுப்பும் வெடிகளை நம் நாட்டு விதிகள் விலக்கியுள்ளன. விதிக்கு உட்பட்ட வெடியே நம் காதை உறுத்துமாயின், நாயின் நிலையைக் கூறவும் வேண்டுமோ? வெடியோசைக்கு நடுவே வாழும் நாய்கள் தாமே பழகிவிடும் என்று பலர் கருதுகின்றனர். சில பழகுவதுண்டு, வேறு சிலவற்றுக்கோ கேட்குந்தோறும் அச்சம் பெருகுமேயன்றிக் குறைவதில்லை. தம் நாய் இவ்விருவகையுள் எதனைச் சார்ந்தது என்பதை முகாம் நாளுக்கு முன்னரே உடையவர் அறிந்திருத்தல் வேண்டும்.

இனி, வீட்டில் செய்தற்குரிய ஆயத்தங்களைக் கூறுவோம். தொல்காப்பிய மரபியல் நாயின் இளமைக்குக் ‘குருளை’ என்னும் பெயர் வகுத்தது. இக்குருளைப் பருவமே கல்விப் பருவம். பிறந்த மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டு, பதினான்காம் வாரம் வரை நாய்க்குட்டி காண்பனவெல்லாம் அதன் உள்ளத்தில் ஆழப் பதிகின்றன என்பதை, அமெரிக்க அறிஞர் ஸ்காட், புல்லர் ஆகிய இருவரும் பல்லாண்டு ஆராய்ந்து 1965-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டனர். அப்பருவத்தில் குட்டியைக் கட்டியே வைத்திருந்து, ஓராண்டு சென்றபின் முதன்முறையாக நூறு மனிதர் நடுவே இழுத்து வந்து நிறுத்தினால், அஃது எங்ஙனம் அமைதியாக நிற்கும்? அயலார், குழந்தைகள், குடை பிடித்தோர், மிதிவண்டி, ஆடு, கோழி ஆகியவற்றை அஞ்சாத தொலைவில் நின்று காணப் பழக்குதல் நன்று. தடுப்பூசிகள் முற்றும் பெறாத குட்டியைத் தரையில் விடாது கையில் ஏந்திச் சென்று காட்டலாம்.

அடுத்து, கட்டளைச் சொற்கள். ‘உட்கார்’, ‘நில்’, ‘வா’ என்னும் மூன்று சொற்கள் முகாமிற்குப் போதுமானவை. வீட்டார் அனைவரும் ஒரே சொல்லையே ஆளுதல் வேண்டும்; தந்தை ‘வா’ என்றும், தமையன் ‘இங்கே ஓடியா’ என்றும், தங்கை வேறொன்றும் கூறின் நாய் மயங்கும். சொன்னதைச் செய்தவுடன் சிறிது தின்பண்டமும் ஓர் இன்சொல்லும் அளித்தல் வேண்டும். உணவோடு மணியோசையைச் சேர்த்துப் பழக்கினால் ஓசை கேட்ட அளவிலேயே நாயின் வாயில் நீர் ஊறும் என்று ருஷ்ய அறிஞர் பாவ்லோவ் கண்டதை நாம் பள்ளியில் பயின்றோம். அவ்வுண்மையே நாய் பயிற்சிக்கு அடிப்படை. அடித்துப் பழக்கிய நாய் அடிப்பவன் இல்லாத இடத்தில் அடங்காது. அடி விழுமோ என்னும் அச்சத்தால் அயலாரையும் கடிக்க முற்படும்.

அதே முறையால் வெடியோசையின் அச்சத்தையும் ஓரளவு போக்கலாம். பதிவு செய்த வெடியோசையை, நாய் செவியைச் சற்றே நிமிர்த்தும் அளவிற்கு மட்டும் மெல்ல ஒலிக்கச் செய்து, அப்போதே அதற்கு விருப்பமான உணவை இடுக. நாய் அமைதியாக உண்ணுமாயின், சில நாள் கழித்து ஓசையைச் சிறிது கூட்டுக. இவ்வாறு பல வாரங்கள் பொறுமையுடன் செய்தல் வேண்டும். நாய் உணவை மறுத்து நடுங்கின், முந்திய நிலைக்குத் திரும்புக. ‘பழகட்டும்’ என்று வெடிக்கு அருகிலேயே கட்டிப் போடுதல் கொடுமையேயன்றிப் பயிற்சியன்று. அஞ்சிய நாயைத் தழுவித் தேற்றினால் அச்சம் வளரும் என்னும் கருத்தும் சரியன்று; அமைதியான கை அதற்கு ஆறுதலே.

இனிக் கழுத்துப்பட்டையும் கயிறும். இவ்வட்டாரம் நாய் வளர்ப்பில் பெயர் பெற்றது. இராஜபாளையம் நாயின் உருவம் 2005-ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் தலையிலும் இடம்பெற்றது. சிப்பிப்பாறை, கன்னி ஆகிய வேட்டை நாய்களும் இங்குப் பலர் வீட்டில் உண்டு. இவற்றின் இயல்பறிந்து நடத்தல் வேண்டும். சிப்பிப்பாறை, கன்னி நாய்களின் தலை குறுகியது. கழுத்தோ ஏறத்தாழத் தலையளவு பருமன் உடையது. ஆதலின் பிற நாய்க்குரிய ஒடுங்கிய பட்டை, அவை பின்வாங்கி இழுத்தவுடன் எளிதில் கழன்றுவிடும். அகன்ற பட்டையை, இரண்டு விரல் மட்டும் நுழையும் அளவிற்கு இறுக்கி, கழுத்தின் மேற்பகுதியில் இடுதல் வேண்டும். ஓடும் சிறுபொருளைக் கண்டால் துரத்துவது அவற்றின் பிறவிக்குணம்; ஆதலின் கோழியும் ஆடும் திரியும் மூலையில் அவற்றை நிறுத்தலாகாது. வெண்ணிற இராஜபாளையம் நாய்களுள் பிறவியிலேயே செவிப்புலன் அற்றவை சில உண்டு. அத்தகைய நாயை ‘அடங்காதது’ என்று வைதல் அறியாமை. அதற்குக் கைக்குறி காட்டியே பழக்குக. பின்புறத்திலிருந்து திடீரெனத் தொடாதிருக்குமாறு அயலாரை எச்சரிக்க.

கயிறு ஆறடிக்கு மேற்படாமல், உறுதியாக, ஒரு நாய்க்கு ஒன்றாக இருத்தல் வேண்டும். ஒரே கயிற்றில் இரு நாய்களைக் கட்டுதல் கூடவே கூடாது. கயிற்றைக் கையில் பலமுறை சுற்றிக்கொள்வதும் தீது. நாய் பாய்ந்தால் விரல் முறியும். கடிக்கும் பழக்கமுடைய நாய்க்கு வாய்க்கூடு இடுதல் கடமை. அது, நாய் வாய் திறந்து மூச்சு வாங்கவும் நீர் அருந்தவும் இடந்தருவதாக இருத்தல் வேண்டும். துணியால் வாயை இறுகக் கட்டி நெடுநேரம் வைத்தால் வெப்பந் தாங்காது நாய் மாளவும் கூடும். வாய்க்கூட்டையும் ஒரு வாரத்திற்கு முன்னரே, அதனுள் உணவு வைத்துக் காட்டிப் பழக்குக. முகாமில் முதன்முறையாக மாட்டப் புகுந்தால் அதுவே பூசலுக்கு வித்தாகும்.

முகாமிற்குக் கொணரலாகாத நாய்களும் உள. பருவமெய்தி ஆண் நாய்களைத் தன்பால் ஈர்க்கும் நிலையிலுள்ள பெண் நாய் ஒன்று வந்தால் போதும். வரிசை முழுதும் போர்க்களமாகும். வாந்தி, கழிச்சல், இருமல் உடைய நாயையும் கொணர்தல் தகாது. கழிச்சலால் குட்டிகளை மாய்க்கும் பார்வோ என்னும் நோயின் நுண்கிருமி மண்ணில் பல திங்கள் அழியாது கிடக்கும். ஆகவே ஒரு நாயின் நோய் ஊர்க் குட்டிகள் பலவற்றின் சாவாக முடியலாம். குட்டி ஈன்று பாலூட்டும் தாயும் பிறரை அண்ட விடாது. இவற்றிற்கெல்லாம் மருத்துவரைத் தனியே கண்டு நாள் குறித்துக்கொள்ளலாம். குரல் மாறி, எச்சில் ஒழுகி, காரணமின்றி எதனையும் கவ்வும் நாயையோ ஒருபோதும் கூட்டத்திற்கு இழுத்து வருதல் கூடாது. அதனைத் தொடாமல் தனியே அடைத்துவைத்து மருத்துவருக்கு அறிவித்தலே முறை.

இனி, முகாம் நடத்துவோர் செய்யத்தக்கன. முதலாவது வேளை. நாய்க்கு நம்மைப் போல் உடல் முழுதும் வியர்ப்பதில்லை. நாவை நீட்டி இளைத்தே அது வெப்பத்தை ஆற்றிக்கொள்ளும். விருதுநகர்ப் பகுதியின் வெயிலைப் பற்றி நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆகவே விடிந்தவுடன் தொடங்கி ஒன்பது மணிக்குள் முகாம் முடிதல் நன்று. புறங்கையைத் தரையில் ஐந்து நொடி வைத்துப் பார்க்க. நம் கை பொறுக்காத தரையை நாயின் பாதமும் பொறுக்காது.

இரண்டாவது நாள். இதனை யாம் சிறப்பாக வற்புறுத்த விரும்புகின்றோம். பட்டாசுப் பகுதியில் வேலை நாளன்று முகாம் வைத்தால், பெரியோர் ஆலைக்குச் சென்றுவிடுவர். நாயைப் பிடித்து வருவோர் சிறுவரும் முதியோருமே. இந்நோயால் மாண்டவருள் ஐவரில் இருவர் சிறார் என்று மேலே கண்டோம். அச்சிறார் கையிலேயே நாய்களை ஒப்புவித்து ஓரிடத்தில் கூட்டுதல் அறிவுடைமையாகுமா? ஆகவே ஆலைகளுக்கு விடுமுறையாகிய நாளையே தெரிந்துகொள்க. அந்நாள் ஞாயிறாக இருப்பின், ஆலய வழிபாட்டிற்குச் செல்வோர் விடியற்காலையிலேயே ஊசியிட்டுச் செல்ல முன்வரிசை அளிக்கலாம். அன்று ஊரில் மணமோ, திருவிழாவோ, வெடி கொளுத்தும் பிற நிகழ்ச்சியோ உண்டா என்று முன்னரே உசாவி அறிந்து, முகாம் முடியும் வரை வெடி வேண்டாவென ஊர்ப் பெரியோர் வாயிலாகக் கேட்டுக்கொள்க. பதினாறு வயதிற்குக் குறைந்தோர் தனியே நாய் பிடித்து வருதல் ஆகாதென்றும் முன்கூட்டியே அறிவிக்க.

மூன்றாவது இடம். நிழலுள்ளதாய், வேலி அல்லது சுவர் சூழ்ந்ததாய், ஆலைகளுக்கும் பெருவழிக்கும் விலகியதாய் இருத்தல் வேண்டும். பட்டாசுக் கழிவும் மருந்துத் துகளும் கிடக்கும் நிலத்தை அறவே விலக்குக. பேரியம் முதலிய நச்சுப் பொருள்களை நக்கிய நாய்க்குத் தீங்கு நேரலாம். உட்செல்லும் வழியும் வெளியேறும் வழியும் வெவ்வேறாக இருத்தல் வேண்டும். எதிரெதிரே வரும் நாய்கள் முகத்துக்கு முகம் சந்திப்பதே பெரும்பாலான சண்டைக்குத் தொடக்கம். தரையில் சுண்ணாம்பால் பத்தடிக்கு ஒரு கோடு இட்டு, கோட்டிற்கு ஒரு நாயாக நிறுத்தின் பாதிப் பூசல் ஒழியும். பெயர் கூப்பிடும் வரை அஞ்சும் நாய்களைத் தொலைவில் மரநிழலில் நிறுத்தி வைப்பது அதனினும் நன்று. நீர் வைக்க வேண்டும். ஆனால் பொதுத்தொட்டி வேண்டா. ஒவ்வொருவரும் தத்தம் கிண்ணம் கொண்டுவருக. உணவைத் தரையில் சிதறலாகாது; ஒரு துண்டு ரொட்டிக்காக உடன்பிறந்த நாய்களும் பகைக்கும்.

வரிசையில் நிற்கும்போது உடையவர் கண் தம் நாயின் மேலேயே இருத்தல் வேண்டும். நாய்க்குப் பேச்சு இல்லையெனினும் மொழி உண்டு. களைப்பின்றியே கொட்டாவி விடுதல், உணவின்றியே உதட்டை நக்குதல், முகத்தைத் திருப்பிக்கொள்ளுதல், விழியின் வெண்மை தெரிய ஓரமாய் நோக்குதல், வாலைக் கால்களுக்கிடையே செருகுதல் ஆகியன ‘அஞ்சுகின்றேன்’ என்று அது கூறும் சொற்கள். உடல் விறைத்து, அசைவற்று நின்று, ஒன்றையே உறுத்து நோக்குமாயின் அது பாய்ச்சலுக்கு முன்னறிவிப்பு. வால் ஆடுவதெல்லாம் நட்பின் அடையாளமன்று. விறைத்த வால் மேலே நின்று விரைந்து ஆடின் ஐயுறுக. உறுமும் நாயை அடித்தல் பெரும்பிழை. உறுமல் நமக்கு அது விடுக்கும் எச்சரிக்கை. அதனை அடித்து அடக்கின், அடுத்த முறை எச்சரியாமலே கடிக்கும். அத்தகைய குறிகளைக் கண்டவுடன் வரிசையை விட்டு விலகி, வளைந்து நடந்து, தொலைவில் சென்று நிற்பதே தக்கது. இடம் போய்விடுமே என்று கருத வேண்டா. அவ்விடத்தைக் காத்துத் தருதல் மாணவத் தொண்டர் கடமை.

ஊசியிடும் மேசையண்டை மருத்துவர், உதவியாளர், உடையவர் மூவரே நிற்க. சுற்றி நின்று வேடிக்கை பார்ப்போரை விலக்குக. உடையவர் நாயின் தலையைத் தம் பக்கவாட்டில் அணைத்து, அதன் பெயரைச் சொல்லி மெல்லப் பேசிக்கொண்டிருத்தல் வேண்டும். ஊசி முடிந்ததும் சிறு தின்பண்டம் அளிப்பின், அடுத்த ஆண்டு அதே மேசையை நாய் வெறுக்காது. பின்னர்க் கால்மணி முதல் அரைமணி வரை நிழலில் அமர்ந்து, முகம் வீங்குகின்றதா, வாந்தி எடுக்கின்றதா என்று நோக்கியபின் வீடு செல்க. சிறார்க்கும் ஓரிரு சொல் கற்பிக்க வேண்டும்: கேளாமல் எந்த நாயையும் தொடாதே, கண்ணுக்குள் உற்று நோக்காதே, நாய் ஓடிவரின் ஓடாதே, கூவாதே, மரம்போல் நில்.

இத்துணை காத்தும் சண்டை மூளுமாயின், இடையே கையை நுழைத்தல் ஆகாது. தன் நாயே தன்னைக் கடிக்கும். குடம் நீரை முகத்தில் வீசுக; அல்லது பலகையொன்றை இடையே செருகுக. அதுவும் பயனின்றேல் இருவர் ஒரே வேளையில் இரு நாய்களின் பின்னங்கால்களையும் பற்றிப் பின்னோக்கி இழுக்க. வெயிலால் ஒரு நாய் தள்ளாடி, கடுமையாக இளைத்து விழுமாயின், ஊசி வரிசையை நிறுத்தியேனும் அதனை நிழலிற் கிடத்தி, உடல் முழுதும் குளிர்ந்த நீர் ஊற்றி விசிறுதல் வேண்டும்.

எவரேனும் கடியுண்டால், கடித்தது ஊசியிட்ட நாயா இல்லையா என்று ஆராய்ந்து காலங் கழித்தல் கூடாது. ஓடும் நீரில் சவர்க்காரம் இட்டுப் பதினைந்து நிமிடம் புண்ணைக் கழுவுக. மிளகாய், மஞ்சள், சுண்ணாம்பு, மூலிகை எதனையும் அப்பலாகாது. உடனே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ செல்க. தோலில் இடும் முறையில் முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என ஊசியிடுவர். ஆழ்ந்த புண்ணாயின் புண்ணைச் சுற்றியும் தனி மருந்து செலுத்துவர். நடுவே நிறுத்தாமல் அவ்வளவும் பெறுதல் வேண்டும். நாய் அன்றுதான் ஊசி பெற்றது என்பதும் காப்பாகாது. ஊசியின் பயன் உடலில் ஊன்றச் சில வாரம் செல்லும். கடித்த நாயைக் கொல்லாது, பத்து நாள் கட்டிவைத்து நோக்குதல் வேண்டும்.

கடியுண்ட அச்சிறுமியின் பாட்டியை யாம் பின்னர் அவர் வீட்டிலேயே கண்டோம். கால்நடை மருத்துவரை உடனழைத்துச் சென்றிருந்தோம். கூட்டமில்லை, வெடியில்லை. பாட்டி திண்ணையில் அமர்ந்து நாயின் தலையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். ஊசி இட்டதையே அந்நாய் அறிந்ததாகத் தெரியவில்லை. அன்று வரிசையில் பல் தெரிய நின்ற அதே நாய்தான் இது. மாறியது நாயன்று; அதனைச் சூழ்ந்த நிலையே. அடுத்த முகாமிற்கு வருவீர்களா என்று கேட்டோம். “காலையிலேயே வச்சா வாரேன்” என்றார்.

அன்பார்ந்த தோழர்களே, நம்முள் பலர் விடுமுறையில் ஊர் திரும்புவோம். அங்கு முகாம் நிகழுமாயின், ஒரு கட்டிச் சவர்க்காரமும் சுண்ணாம்பும் நீர்க்குடமும் ஏந்தி, விடியுமுன் சென்று நிற்போமாக. நாய்க்கு நல்லொழுக்கம் கற்பிக்க விரும்புவோர், முதற்கண் கயிற்றைப் பிடித்த கைக்கு அதனைக் கற்பித்தல் வேண்டும்.